திரும்பவும் கேசட்: வீட்டுக் கணினிக்கு டேப் டிரைவ் வாங்கிப் பொருத்துவது

2021 நவம்பரில் டேப் டிரைவும் (கம்ப்யூட்டர் தகவலைக் காந்த நாடாவில் எழுதிப் படிக்கும் கருவி) பத்துக் கேசட்டும் வந்து இறங்கிய அன்று, அம்மா ஒரு கேசட்டை எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "என்னடி, திரும்பவும் கேசட்டா? மாடியில கெடக்குறது பத்தாதா?" என்றார்.

மாடியில் கிடப்பது நிஜம்தான். கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் அப்பா தொடங்கிய போட்டோ ஸ்டுடியோ எங்களுடையது. இப்போது நானும், என்னை அக்கா என்று கூப்பிடும் ஒரு பையனும் நடத்துகிறோம். கல்யாணம், காதுகுத்து, பள்ளி ஆண்டு விழா, இதுதான் பிழைப்பு. 2006இல் குறிஞ்சி பூத்தபோது குறிஞ்சி ஆண்டவர் கோயில் சரிவு, மன்னவனூர்ப் பக்கம் என்று அலைந்து மினிடிவி என்ற சின்ன வீடியோ கேசட்டில் எடுத்தேன். மொத்தம் 14 கேசட். 2018இல் மறுபடி பூத்தது. இந்த முறை 4கே வீடியோ, எல்லாம் ஒரே ஹார்டு டிஸ்க்கில். அந்த நவம்பரில் கஜா புயல் வந்து மரமெல்லாம் கம்பி மேல் சாய்ந்து, நாட்கணக்கில் கரண்ட் இல்லை. திரும்பி வந்த கரண்ட் ஏறி இறங்கி வந்தது. டிஸ்க் இரண்டு தரம் டக் டக் என்று தட்டியது, அதோடு சரி. மீட்டுத் தருகிறோம் என்று வாங்கிக்கொண்ட இடத்தில் பாதிகூடத் தேறவில்லை.

2006 கேசட்டுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவற்றை ஓட்டும் கேமரா செத்துவிட்டது. அதைச் செருகும் ஃபயர்வயர் துளையும் இன்றைய கம்ப்யூட்டரில் கிடையாது. 2018 போனது, பதிவு இருந்த பொருள் செத்ததால். 2006 முடங்கிக் கிடப்பது, ஓட்டும் கருவி செத்ததால். டேப் டிரைவ் வாங்க நினைக்கிறவர்கள் இந்த இரண்டாவது சாவைப் பற்றித்தான் அதிகம் யோசிக்க வேண்டும். அடுத்த குறிஞ்சி 2030இல். அன்றைக்கு நான் இன்று எழுதும் கேசட்டைப் போட்டால் ஓட வேண்டும். கீழே சொல்லியிருக்கும் தேர்வுகள் எல்லாம் அந்தக் கணக்கில் செய்தவை.

முதலில், உங்களுக்கு இது வேண்டுமா

பெரும்பாலானவர்களுக்கு வேண்டாம். உங்களிடம் இருப்பது மொத்தமே எட்டுப் பத்து டெராபைட்டுக்குள் என்றால் இரண்டு ஹார்டு டிஸ்க் வாங்கி, ஒன்றை வீட்டிலும் ஒன்றைச் சொந்தக்காரர் வீட்டிலும் வையுங்கள். டேப்பில் கேசட் மலிவு, டிரைவ் விலை அதிகம். கேசட் எண்ணிக்கை ஏற ஏறத்தான் டிரைவுக்குக் கொடுத்த காசு கட்டுப்படியாகும்.

எனக்கு ஒரு கல்யாணத்துக்கு, இரண்டு நாள், மூன்று கேமரா என்று வைத்தால், சுமார் 300 ஜிகாபைட் வரும். வருஷத்துக்கு நாற்பது கல்யாணம். 12 டெராபைட் ஆகிவிட்டது. அதை இரண்டு பிரதி எடுத்தால் 24. ஐந்து வருஷம் கழித்து ஒரு பெண் வந்து, "அக்கா, எங்கப்பா பேசினது அதுல இருக்கும், எடுத்துத் தர்றீங்களா" என்று கேட்பாள். அப்பா இப்போது இருக்க மாட்டார். இல்லை என்று சொல்ல முடியாது. இந்த மாதிரித் தொழில் என்றால் டேப் சரி.

எந்தத் தலைமுறை

பழைய ஆட்களுக்கு க்யூஐசி, ட்ராவன், டிடிஎஸ் என்று பல வகை நினைவுக்கு வரும். ஃப்ளாப்பி கேபிளிலேயே செருகிய டேப் டிரைவ்கூட ஒரு காலத்தில் உண்டு. அவற்றை மறந்துவிடலாம். இன்று வாங்கத் தகுந்தது எல்டிஓ என்ற டேப் வகை ஒன்றுதான். 2000இல் கேசட்டுக்கு 100 ஜிகாபைட்டில் தொடங்கி, எல்டிஓ-5 2010இல் 1.5 டெராபைட், எல்டிஓ-6 2012இல் 2.5, எல்டிஓ-7 2015இல் 6, எல்டிஓ-8 2017இல் 12, எல்டிஓ-9 2021இல் 18, எல்டிஓ-10 2025இல் 30 என்று வளர்ந்திருக்கிறது.

கேசட் உறையில் இதைவிடப் பெரிய எண் ஒன்று கொட்டை எழுத்தில் இருக்கும். எல்டிஓ-6 உறையில் 6.25 டெராபைட் என்று போட்டிருப்பார்கள். அது தகவலைச் சுருக்கி எழுதினால் இரண்டரை மடங்கு கொள்ளும் என்ற கணக்கு. கேமராவில் இருந்து வரும் வீடியோவும் ஜேபெக் படமும் ஏற்கனவே சுருக்கப்பட்டவை. பிழிந்த துணியை மறுபடி பிழிந்தால் எவ்வளவு தண்ணீர் வரும்? 2.5 என்றே வைத்துக்கொள்ளுங்கள். என் அனுபவத்தில் ஒரு கேசட்டில் ஏழு கல்யாணம், கொஞ்சம் இடம் மிச்சம்.

இனி முக்கியமான விஷயம். எந்த டிரைவ் எந்தக் கேசட்டைப் படிக்கும் என்பதில் ஒரு முறை உண்டு. எல்டிஓ-7 வரைக்கும், ஒரு டிரைவ் தனக்கு முந்தைய இரண்டு தலைமுறைக் கேசட்டைப் படிக்கும், முந்தைய ஒரு தலைமுறையில் எழுதவும் செய்யும். எல்டிஓ-8இல் இது குறைந்துவிட்டது. 8ஆம் டிரைவ் 7, 8 இரண்டை மட்டும் ஏற்கும். 9ஆம் டிரைவ் 8, 9. 10ஆம் டிரைவ் தன் கேசட்டைத் தவிர எதையும் தொடாது. ஆகவே நான் எல்டிஓ-6இல் எழுதியதை 6ஆம் டிரைவும் 7ஆம் டிரைவும் படிக்கும், அதற்கு மேல் எதுவும் படிக்காது. இதைத் தெரிந்துதான் எல்டிஓ-6 வாங்கினேன்.

ஏன் என்றால், புது டிரைவ் சில லட்சம் ஆகும், மூஞ்சிக்கல் ஸ்டுடியோவுக்கு அது ஆகாது. எல்டிஓ-6 டிரைவைப் பெரிய நிறுவனங்கள் கழித்துக் கட்டுவதால் பழைய சந்தையில் தாராளமாகக் கிடைக்கிறது. ஒன்று போனால் இன்னொன்று வாங்கலாம். அப்புறம் வேகம். எல்டிஓ-6 விநாடிக்கு 160 மெகாபைட் எழுதும். 7 வந்ததும் அது 300 ஆகிவிடுகிறது. என் ஹார்டு டிஸ்க் அந்த வேகத்தில் தீனி போடாது. எல்டிஓ-5க்குக் கீழே இறங்கவும் வேண்டாம். 5இல் இருந்துதான் எல்டிஎஃப்எஸ் என்ற வசதி, அதாவது கேசட்டை ஒரு ஃபோல்டர் போலத் திறந்து பார்க்கும் வசதி, உண்டு.

கேசட்டில் யார் பெயர் ஒட்டியிருந்தாலும் கவலைப்படாதீர்கள். புதிய தலைமுறை நாடாவை உண்மையில் தயாரிப்பது ஃபியூஜிஃபில்ம், சோனி என்ற இரண்டே பேர். 2019 வாக்கில் இந்த இருவருக்கும் இடையே காப்புரிமை வழக்கு நடந்து எல்டிஓ-8 கேசட்டுக்கே தட்டுப்பாடு வந்தது. புத்தம் புதிய தலைமுறைக்கு அவசரப்பட்டு ஓடாமல் ஒன்றிரண்டு படி பின்னால் நிற்பதில் இந்த நிம்மதியும் இருக்கிறது.

பின்பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள்

பழைய டிரைவ் வாங்கும்போது எல்லோரும் முன்பக்கப் படத்தைப் பார்ப்பார்கள். நானும் அப்படித்தான் முதல் டிரைவை வாங்கினேன். விலை சல்லிசு. பிரித்துப் பார்த்தால் பின்னால் கண்ணாடி இழைக் கேபிள் செருகும் துளை. ஃபைபர் சேனல் வகை. பெரிய சர்வர் அறைகளில் கேசட் மாற்றும் எந்திரத்துக்குள் இருந்து கழற்றிய டிரைவ் அது. விற்றவரைக் கேட்டால், "மேடம், நீங்க டேப் டிரைவ்னுதானே கேட்டீங்க" என்றார். திருப்பி அனுப்பிய கூரியர் செலவு என் தலையில்.

உங்களுக்கு வேண்டியது எஸ்ஏஎஸ் என்ற இணைப்பு வகை. வாயில் சொல்லும்போது சாஸ். டிரைவின் பின்பக்கம் தெளிவாகத் தெரியும் படம் அனுப்பச் சொல்லுங்கள். தனியாக நிற்கும் வெளிப்பெட்டி டிரைவ் என்றால் எல்டிஓ-5, 6இல் பெரும்பாலும் மினி-சாஸ் 8088 என்ற சதுரமான உலோகத் துளை இருக்கும். முன்பக்கத்தில் விளக்குகளும் வெளியே தள்ளும் பொத்தானும் இருக்கிறதா என்று பாருங்கள். முகப்பே இல்லாமல் மொட்டையாக இருந்தால் அதுவும் எந்திரத்தில் இருந்து கழற்றியது. தனியாக வைத்தால் வேலை செய்யாமல் போகலாம்.

உள்ளே பொருத்துவதா, வெளியே வைப்பதா? உள்ளே வைக்கும் பாதி உயர டிரைவுக்கு கேபினெட்டில் டிவிடி டிரைவ் உட்கார்ந்த அளவு இடம் வேண்டும். இன்று வரும் கண்ணாடிக் கேபினெட்டுகளில் அந்த இடமே கிடையாது. இருந்தாலும் காற்றோட்டம் போதாது, டிரைவ் சூடேறும். வெளிப்பெட்டி கொஞ்சம் விலை கூட. ஆனால் தனி மின்விசிறி, தனி பவர் சப்ளை. கம்ப்யூட்டர் மாறினாலும் டிரைவ் மாறாது. வெளிப்பெட்டியே வாங்குங்கள் என்பேன்.

விற்கிறவர் நேர்மையானவர் என்றால் டிரைவ் தயாரித்த நிறுவனத்தின் சோதனை மென்பொருளை ஓட்டி அதன் முடிவை அனுப்புவார். எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை கேசட் ஏறி இறங்கியது எல்லாம் டிரைவுக்குள்ளேயே பதிவாகி இருக்கும். கை மாறிய கேசட்டை மட்டும் வாங்காதீர்கள். டிரைவ் பழசாக இருக்கலாம், கேசட் புதுசாக இருக்கட்டும்.

கார்டும் கேபிளும்

சாஸ் டிரைவை மதர்போர்டில் உள்ள சாட்டா துளையில் செருக முடியாது. யூஎஸ்பிக்கு மாற்றும் வயரும் தேடாதீர்கள். தனியாக ஒரு கார்டு வேண்டும். ஹெச்பிஏ என்று கேளுங்கள். எல்எஸ்ஐ 9207-8ஈ போன்றவை பழைய சந்தையில் கிடைக்கும். கடைசியில் வரும் அந்த "ஈ" வெளியே துளை உள்ளது என்பதற்கு. "ஐ" என்றிருந்தால் துளை கேபினெட்டுக்கு உள்ளே இருக்கும். ரெய்டு கார்டு (பல டிஸ்க்கை ஒன்றாகச் சேர்த்து ஆளும் கார்டு) வேண்டாம். அவற்றில் பல டேப் டிரைவைக் கண்டுகொள்ளவே கொள்ளாது. விற்கிறவரிடம் "ஐடி மோடு ஃபர்ம்வேரா" என்று, அதாவது டிரைவை அப்படியே கம்ப்யூட்டருக்குக் காட்டும் வகையா என்று, ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கார்டு நீளமான ஸ்லாட்டில் உட்காரும். கிராஃபிக்ஸ் கார்டுக்குக் கீழே இரண்டாவதாக ஒரு நீள ஸ்லாட் பல மதர்போர்டில் உண்டு. உள்ளே பாதிக் கம்பிதான் இணைந்திருக்கும் என்றாலும் டேப்பின் வேகத்துக்கு அது தாராளம். பொருத்தும் முன் கம்ப்யூட்டரை நிறுத்தி, வயரைச் சுவரில் இருந்தே பிடுங்கி, கேபினெட்டின் உலோகத்தைத் தொட்டுவிட்டுக் கார்டைக் கையில் எடுங்கள். ஓரத்தைப் பிடித்து நேராக அழுத்த வேண்டும், ஆட்டி ஆட்டி நுழைக்கக் கூடாது. திருகு முடுக்க மறக்காதீர்கள். சாஸ் கேபிள் கனமானது, திருகு இல்லாவிட்டால் அதன் கனத்திலேயே கார்டு சாயும்.

இந்தக் கார்டுகள் சர்வருக்குள் வேகமான காற்றில் இருக்கச் செய்தவை. வீட்டுக் கேபினெட்டில் அதன் மேல் இருக்கும் அலுமினியத் துண்டு கை வைக்க முடியாதபடி சுடும். மலைக் குளிரில் எதற்கு என்று நானும் முதலில் விட்டுவிட்டேன். இரண்டாவது வாரம் பாதி எழுதும்போது டிரைவ் காணாமல் போனது. ஒரு சின்ன மின்விசிறியை அதற்கு நேராகக் கட்டினேன், பிரச்சினை தீர்ந்தது.

கேபிள் ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் போதும். கார்டு புதுசாக இருந்தால் அதன் துளை 8644 என்ற வேறு வடிவமாக இருக்கலாம். ஒரு முனை 8644, மறுமுனை 8088 உள்ள கேபிள் கிடைக்கும். டிரைவையும் கார்டையும் கையில் வைத்துக்கொண்டு துளையைப் பார்த்துக் கேபிள் வாங்குங்கள். இந்தப் பொருள் திண்டுக்கல்லில் கிடைக்காது, மதுரையிலும் எனக்குக் கிடைக்கவில்லை, தபாலில்தான் வரும். தப்பாக வந்தால் இன்னும் ஒரு வாரம் போகும்.

முதலில் டிரைவுக்கு மின்சாரம் கொடுங்கள். அது தன்னைத்தானே சோதித்து முடிக்க ஒரு நிமிஷம் போல ஆகும். விளக்கு அமைதியான பிறகு கம்ப்யூட்டரைப் போடுங்கள். இந்த வரிசை மாறினால் பல சமயம் டிரைவ் தெரியாது. ஓடும்போது சாஸ் கேபிளைப் பிடுங்கிச் செருகுவது கூடவே கூடாது.

முதல் கேசட்

விண்டோஸ் எக்ஸ்பி காலம் வரை விண்டோஸிலேயே டேப்பில் எழுதும் பேக்கப் இருந்தது. விஸ்டாவில் எடுத்துவிட்டார்கள். இன்று விண்டோஸில் என்றால் டிரைவ் தயாரித்தவர் இலவசமாகத் தரும் எல்டிஎஃப்எஸ் மென்பொருளைப் போட்டுக்கொள்ளலாம். லினக்ஸில் டேப்புக்கான டிரைவர் ஏற்கனவே உள்ளேயே இருக்கிறது. நான் ஸ்டுடியோவின் பழைய கம்ப்யூட்டரில் உபுண்டு போட்டு டேப்புக்கென்றே ஒதுக்கிவிட்டேன்.

லினக்ஸில் ஒரே டிரைவ் இரண்டு பெயரில் தெரியும். எஸ்டி0 (st0) ஒன்று, என்எஸ்டி0 (nst0) இன்னொன்று. முதல் பெயரில் எழுதினால் ஒவ்வொரு முறையும் முடிந்ததும் நாடா தானாக ஆரம்பத்துக்குச் சுற்றிவிடும். இரண்டாவதில் எழுதினால் நின்ற இடத்திலேயே நிற்கும். இது தெரியாமல் நான் முதல் பெயரிலேயே மூன்று கல்யாணம் எழுதினேன். ஒவ்வொன்றும் முந்தையதன் மேலேயே ஏறி, கடைசியில் இருந்தது மூன்றாவது கல்யாணம் மட்டும். நல்ல வேளை, டிஸ்க்கில் எதையும் அழிக்கவில்லை. டார் (பல கோப்பை ஒன்றாகக் கட்டும் நிரல்) கொண்டு எழுதுகிறவர்கள் என்எஸ்டி0 என்பதை மானிட்டர் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

எல்டிஎஃப்எஸ் இந்த வம்பைத் தவிர்க்கும். கேசட்டை ஒரு தரம் அதற்கென்று ஃபார்மேட் செய்ய வேண்டும். அது நாடாவை இரண்டு பகுதியாக்கி ஒன்றில் உள்ளடக்கப் பட்டியலை வைத்துக்கொள்ளும். பிறகு ஃபோல்டர் மாதிரி நகலெடுக்கலாம். மாதிரிதானே ஒழிய ஃபோல்டர் இல்லை. எங்கள் பையன் ஒரு நாள் கேசட்டைத் திறந்து படங்களைச் சின்னச் சின்னதாகக் காட்டும் பார்வையில் வைத்துவிட்டான். ஒவ்வொரு படத்துக்கும் நாடா ஒரு கோடிக்கும் மறு கோடிக்கும் ஓட, டிரைவ் அரை மணி நேரம் உறுமிக்கொண்டே இருந்தது. அந்தப் பார்வையை அணைத்துவிட்டு வெறும் பெயர்ப் பட்டியல் வையுங்கள். வீடியோவைக் கேசட்டில் இருந்தே ஓட்டிப் பார்க்காதீர்கள். டிஸ்க்குக்கு எடுத்துவிட்டுப் பாருங்கள். இன்னொன்று, கேசட்டில் ஒன்றை அழித்தால் பெயர்தான் போகும், இடம் திரும்பி வராது.

வேலை முடிந்ததும் முறையாக விடுவித்து வெளியே எடுக்க வேண்டும். பட்டியலின் கடைசி வடிவம் அப்போதுதான் நாடாவில் உறுதியாக ஏறும். பொத்தானை அழுத்திய பிறகு கேசட் வர ஒன்றிரண்டு நிமிஷம் ஆகலாம், முழு நாடாவும் சுற்றி வர வேண்டும் அல்லவா. வரவில்லையே என்று மறுபடி மறுபடி அழுத்தாதீர்கள்.

எல்டிஓ-6 கேசட்டுக்குள் 846 மீட்டர் நாடா இருக்கிறது. டிரைவில் எழுதிப் படிக்கும் தலை ஒரே சமயத்தில் 16 தடம் எழுதிக்கொண்டு, போய் வந்து போய் வந்து 136 முறை ஓடினால்தான் நிரம்பும். கணக்குப் போட்டுப் பார்த்தேன், நூற்றுப் பதினைந்து கிலோமீட்டர் வருகிறது. கொடைக்கானலில் இருந்து மதுரை போகிற தூரம். முழு வேகத்தில் எழுதினால் நாலு மணி இருபது நிமிஷம். மதுரை பஸ்ஸும் ஏறக்குறைய அவ்வளவுதான் எடுத்துக்கொள்ளும். காலையில் ஒரு கேசட், மத்தியானம் ஒரு கேசட் என்று வைத்துக்கொண்டேன்.

முழு வேகம் என்றேன், அதுதான் விஷயம். டிஸ்க்கில் இருந்து தகவல் மெதுவாக வந்தால் டிரைவும் கொஞ்சம் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், சுமார் மூன்றில் ஒரு பங்கு வரை. அதற்கும் கீழே போனால் நாடாவை நிறுத்தி, பின்னால் இழுத்து, மறுபடி ஓட்டிப் பிடிக்கும். கேட்டாலே தெரியும், சீரான ஓசை போய் விட்டு விட்டு இழுக்கும் சத்தம் வரும். நாடாவும் தலையும் தேய்வது அதில்தான். பழைய யூஎஸ்பி 2.0 டிஸ்க்கில் இருந்து நேரே எழுதினால் இதுதான் கதி. நான் ஒரு டெராபைட் எஸ்எஸ்டி ஒன்றில் மூன்று கல்யாணத்தை முதலில் இறக்கி, அங்கிருந்து எழுதுகிறேன். ஆயிரக்கணக்கான ஜேபெக் படங்களை அப்படியே அனுப்பாமல் கல்யாணத்துக்கு ஒரு டார் கோப்பாகக் கட்டிவிடுகிறேன்.

எழுதும் முன்பே ஒவ்வொரு கோப்புக்கும் செக்சம் (கோப்பில் ஏதாவது மாறினால் தானும் மாறிவிடும் சோதனை எண்) எடுத்து ஒரு பட்டியலாக வைத்துவிடுவேன். டிரைவ் எழுதும்போதே பின்னால் இருக்கும் தலையால் படித்துச் சரிபார்க்கத்தான் செய்கிறது. இருந்தாலும் எழுதி முடித்த கேசட்டை வெளியே எடுத்து, மறுபடி போட்டு, முழுவதையும் படித்து அந்தப் பட்டியலோடு ஒத்துப் பார்த்த பிறகுதான் அதன் முனையில் உள்ள சின்னப் பூட்டைத் தள்ளுவேன். அதைத் தள்ளினால் மேலே எழுத முடியாது. டிஸ்க்கில் அழிப்பது இரண்டாவது பிரதிக்கும் இதைச் செய்த பிறகு.

சுத்தம் செய்யும் கேசட் ஒன்று வாங்கி வையுங்கள். ஆனால் ஞாயிறுதோறும் எண்ணெய்க் குளியல் மாதிரி அதைப் போடக் கூடாது. டிரைவே விளக்குப் போட்டுக் கேட்கும், அப்போது போட்டால் போதும். சுமார் 50 தரம் வரும். எனக்கு இதுவரை நாலு தரம்தான் கேட்டிருக்கிறது.

மேகம் வீட்டுக்குள் வரும் ஊரில்

சமவெளிக்காரர்களுக்கு யாராவது எழுதிய குறிப்பை நம்பி இங்கே டேப் வைத்தால் கெட்டுவிடும். கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல். உயரத்தால் பயமில்லை, டிரைவின் குறிப்பேட்டில் 3,000 மீட்டர் வரை அனுமதி இருக்கும். பயம் ஈரத்தால். ஐப்பசி, கார்த்திகையில் ஜன்னலைத் திறந்தால் மேகம் நேரே மேஜைக்கு வந்து உட்காரும். லென்ஸில் ஃபங்கஸ் பிடிப்பது எங்கள் தொழிலில் பழைய வியாதி. அப்பா லென்ஸையும் நெகட்டிவையும் பிஸ்கட் டின்னில் சிலிக்கா ஜெல் போட்டு வைத்திருப்பார். இதே ஊரில் சூரிய ஆய்வகத்தில் 1904 முதல் எடுத்த கண்ணாடித் தகடுகளைக் காப்பாற்றி, கம்ப்யூட்டரில் ஏற்றியும் இருக்கிறார்கள். ஆக, முடியாத காரியம் இல்லை.

நெடுநாள் வைக்கும் கேசட்டுக்கு 16 முதல் 25 டிகிரி வெப்பமும் 20 முதல் 50 சதவீத ஈரப்பதமும் சொல்வார்கள். அப்படி வைத்தால் முப்பது வருஷம் வரை தாங்கும் என்பது தயாரிப்பவர்கள் கணக்கு. எங்கள் அறையில் மழைக்காலத்தில் ஈரமானி 90ஐக் காட்டும். ஸ்டுடியோக்காரர்களிடம் லென்ஸ் வைக்கும் டிரை கேபினெட் இருக்கும். அதில் ஒரு தட்டைக் கேசட்டுக்கு ஒதுக்கி 40இல் வையுங்கள். அது இல்லாதவர்கள், நாலு பக்கமும் கொக்கி போட்டு மூடும் ரப்பர் விளிம்பு டப்பாவில் சிலிக்கா ஜெல் பையும் சின்ன ஈரமானியும் போட்டு வைக்கலாம். ஜெல் நிறம் மாறினால் வெயிலில் காய வைத்தால் போதாது, வறுத்துத்தான் எடுக்க வேண்டும். அதற்கென்று தனிச் சட்டி வையுங்கள், சமையல் சட்டி வேண்டாம். ஈரம் 20க்குக் கீழே போகும் அளவுக்குக் கொட்டி நிரப்பவும் கூடாது. கேசட்டைப் படுக்க வைக்காமல் புத்தகம் மாதிரி நிறுத்தி வையுங்கள்.

மார்கழி, தை காலையில் இன்னொரு விஷயம். பத்து டிகிரிக்குக் கீழே டிரைவை ஓட்டாதே என்று குறிப்பேடு சொல்கிறது. விடிகாலை ஆறு மணிக்கு எங்கள் அறை அதைவிடக் குளிராக இருந்த நாட்கள் உண்டு. பத்து மணிக்கு மேல் அறை கொஞ்சம் சூடேறிய பிறகுதான் போடுவேன். குளிர்ந்த இடத்தில் இருந்த கேசட்டை ஹீட்டர் போட்ட அறைக்குக் கொண்டுவந்து உடனே செருகவும் கூடாது. மூக்குக் கண்ணாடியில் ஆவி படிவது போல நாடாவிலும் படியும். டப்பாவோடு அப்படியே ஒரு நாள் அறையில் கிடக்கட்டும். கூரியரில் வந்த கேசட்டுக்கும் இதே பத்தியம். மலைப்பாதையில் வந்த பெட்டி கீழே விழுந்திருக்கலாம் என்பதால், செருகும் முன் கேசட்டின் பக்கவாட்டுக் கதவை விரலால் திறந்து உள்ளே இருக்கும் சின்ன உலோக ஊசி நேராக நிற்கிறதா என்று பாருங்கள். நாடாவைப் பிடித்து இழுப்பது அந்த ஊசிதான். சாய்ந்திருந்தால் அந்தக் கேசட்டை டிரைவுக்குள் விடாதீர்கள், டிரைவையும் சேர்த்துக் கெடுக்கும்.

கரண்ட். யூபிஎஸ் இல்லாமல் எழுதாதீர்கள், டிரைவும் கம்ப்யூட்டரும் இரண்டுமே அதில் இருக்கட்டும். எங்களுக்குக் கரண்ட் போனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. ஆகவே யூபிஎஸ் என்பது தொடர்ந்து எழுதுவதற்கு இல்லை, அழகாக நிறுத்திக் கேசட்டை வெளியே எடுப்பதற்கு. பத்துப் பதினைந்து நிமிஷம் தாங்கினால் போதும். வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுவதானால் சைன் வேவ் வகையாகப் பாருங்கள். பழைய வீடுகளில் மூன்றாவது பின்னுக்கு எர்த்தே இருக்காது, எலக்ட்ரீசியனை வைத்து ஒரு தரம் பார்த்துவிடுங்கள். சித்திரை இடி மழையின்போது வயரையே பிடுங்கிவிடுவது எங்கள் வீட்டு வழக்கம். அப்படியும் எழுதும் நடுவில் போய்விட்டால், எல்டிஎஃப்எஸ்ஸுடன் வரும் சரிபார்க்கும் நிரலை அந்தக் கேசட்டில் ஓட்ட வேண்டும். இரண்டு தரம் எனக்குப் பட்டியலை மீட்டுக் கொடுத்திருக்கிறது.

இரண்டாவது பிரதி

அது வத்தலக்குண்டில் அக்கா வீட்டில் இருக்கிறது. கீழே ஈரம் குறைவு, ஆனால் சித்திரை வெயில் 25 டிகிரி என்ற கணக்கைத் தாண்டி எங்கோ போய்விடும். அக்கா முதலில் பரணில் வைத்தாள். ஓட்டுக்கு அடியில் பரண் என்றால் அடுப்புதான். இறக்கி, வீட்டின் நடு அறையில், வெளிச்சுவர் ஒட்டாத பீரோவின் கீழ்த்தட்டில் வைக்கச் சொன்னேன். மாசத்துக்கு ஒரு தரம் கீழே போகும்போது புதுக் கேசட்டைக் கொடுத்துவிட்டு வருவேன்.

கேசட்டின் மேல் கண்ட இடத்தில் காகிதம் ஒட்டக் கூடாது. ஒட்டுவதற்கென்று முகப்பில் ஒரு பள்ளம் இருக்கிறது, அதில் மட்டும். நான் எண் மட்டும்தான் எழுதுகிறேன். எந்த எண்ணில் யார் கல்யாணம், எந்தத் தேதி, டாரா எல்டிஎஃப்எஸ்ஸா, செக்சம் பட்டியல் எங்கே என்பதெல்லாம் ஒரு நீள நோட்டில் கையால். அதன் ஜெராக்ஸ் அக்காவின் பீரோவில். பூட்டுச் சாவிபோல ரகசிய எண் போட்டு எழுதும் வசதி டிரைவில் உண்டு. நான் அதைத் தொடவில்லை, அந்த எண்ணை மறந்தால் கேசட் இருந்தும் இல்லாத கணக்கு.

மாசியில் காற்று காய்ந்திருக்கும்போது, வருஷத்துக்கு ஒரு தரம், நோட்டில் கண்ணை மூடிக்கொண்டு மூன்று எண்ணைத் தொடச் சொல்லி அம்மாவிடம் நீட்டுவேன். அந்த மூன்று கேசட்டையும் முழுதாகப் படித்து ஒத்துப் பார்ப்பேன். இதுவரை ஒன்றும் தவறவில்லை.

போன வருஷம் இரண்டாவதாக ஒரு எல்டிஓ-6 டிரைவும், அதற்கு ஒரு கார்டும் கேபிளும் வாங்கி, ஓட்டிச் சோதித்து, பிளாஸ்டிக் உறையில் சுற்றி அக்கா வீட்டில் வைத்துவிட்டேன். அதையும் ஆறு மாசத்துக்கு ஒரு தரம் ஓட்டிப் பார்க்கிறேன். நோட்டின் முதல் பக்கத்தில் எனக்குப் பிறகு எடுக்கிறவர்களுக்காக எழுதியிருப்பது இதுதான்: "இவை எல்டிஓ-6 அல்லது எல்டிஓ-7 டிரைவில் மட்டும் ஓடும். 2028 மாசிக்குள் எல்லாவற்றையும் புதுத் தலைமுறைக்கு மாற்ற வேண்டும். முதலில் 11ஆம் எண்." 2018 குறிஞ்சியில் டிஸ்க்கில் இருந்து தேறிய பகுதி அந்தப் 11இல்தான் இருக்கிறது.